யாரும் வராத பிறந்தநாள்

அந்த அறையில் யாரும் சிரிப்பதில்லை. வந்த முதல் வாரத்தில் லயனல் ட்ரான்டருக்கு அதுதான் பிடிபடவே இல்லை. அமெரிக்காவில், பர்பாங்கில் ஒரு படப்பிடிப்பு வளாகத்தின் மாடியில் ஜன்னலில்லாத அறை. நீள மேசையைச் சுற்றி ஒரு டிவி நகைச்சுவைத் தொடரின் எழுத்தாளர்கள். ஒருவர் ஒரு ஜோக்கை எடுத்து மேசை மேல் வீசுவார். மற்றவர்கள் முகத்தில் ஒரு கோடு அசையாது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லும் டாக்டரைப் போல யாராவது ஒருவர் "சிரிப்பா இருக்கு" என்பார். அது உடனே சுவரிலிருந்த திரையில் ஏறிவிடும். சிரிப்பதற்கென்று வெள்ளிக்கிழமை படப்பிடிப்புக்கு ஆட்கள் வருவார்கள். அதுவரை சிரிப்பைச் செலவழிக்க இவர்களுக்கு மனமில்லை. மத்தியானச் சாப்பாடு எந்தக் கடையிலிருந்து வரவழைப்பது என்பதற்கு மட்டும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டார்கள்.

லயனல் இங்கிலாந்தில் எழுதியது தனி ஆளாக. கிளீதார்ப்ஸில், வீட்டின் பின்னறையில், ஈரத்துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய ஆறு அத்தியாய டிவி தொடர். கடற்கரையில் ஒரு சின்ன கோல்ஃப் திடலை நடத்தும் ஹெரால்டு என்ற கிழவன். முக்கால்வாசி நாள் மழை. வாடிக்கையாளர் வந்தால் விதிகளைச் சொல்லிச் சொல்லியே அவர்களைத் துரத்திவிடுவான். பெயரை மட்டும் மாற்றி அவர் எழுதியது தன் அப்பாவைத்தான். கடைசி அத்தியாயத்தில் ஹெரால்டின் பிறந்தநாள். மூன்று பிள்ளைகளும் போனில் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவன் வீடு நிறைய ஆட்கள் என்கிறான். ரேடியோவைச் சத்தமாக வைக்கிறான், தட்டுகளை மோதவிடுகிறான், "ஏய், அந்த நாற்காலியை இப்படிப் போடுப்பா" என்று காலி அறையைப் பார்த்துக் கத்துகிறான். அப்பா தனியாக இல்லை என்ற நிம்மதியில் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு, எடுத்து வைத்த தட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழுவுகிறான். ஒன்றிலும் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவ்வளவுதான். அமெரிக்கர்கள் உரிமையை வாங்கியதே அந்தக் காட்சிக்காகத்தான். வாங்கிய நாளிலிருந்து மாற்ற நினைத்ததும் அதைத்தான்.

"நாம எதுக்கு இந்த ஆளைப் பார்க்கணும்?" என்றான் கோரி, எழுத்தாளர்களில் இளையவன். இப்போது ஹெரால்டு ஹாங்க் ஆகியிருந்தான். கடற்கரை ஃப்ளோரிடாவுக்கு நகர்ந்து வெயில் வந்திருந்தது. "அரைமணி நேரம் அசடு வழியறான். கடைசில தனியா நின்னு தட்டு கழுவுறான். நான்னா ரிமோட்டைத் தேடுவேன்."

"உன் பொண்டாட்டி தினமும் அதைத்தானே பார்க்கறா. பாவம், அவளுக்கு ரிமோட் இல்ல" என்றாள் டீனா காப்லோ. அந்த அறைக்கும் தொடருக்கும் அவள்தான் தலைவி. குயின்ஸில் மெத்தை விற்றவரின் மகள். எதிரில் யார் இருந்தாலும் வாரிவிடுவாள், அதிலேயே பாசமும் காட்டிவிடுவாள்.

"சிரிப்பா இருக்கு" என்றது ஒரு குரல், சிரிக்காமல்.

"அவன் தட்டு கழுவுறதுதான் காமெடி" என்றார் லயனல்.

"எப்படி?"

"சுத்தமான தட்டைக் கழுவுறான்."

அறை யோசித்தது. "அது சோகம் இல்லையா?" என்றான் கோரி.

"ஆமா" என்றார் லயனல். அவரைப் பொறுத்தவரை பதில் அங்கேயே முடிந்துவிட்டது. அவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள்.

டீனா கோரியின் பக்கம் திரும்பினாள். "இவங்க ஊர்ல தோத்தவன் தோத்துக்கிட்டே இருக்கணும், கோரி. அவன் ஒருதடவை ஜெயிச்சுட்டா ஜனங்க டிவி ஆபீஸுக்குப் புகார் எழுதுவாங்க. நம்ம ஊர்ல எவ்ளோ மோசமானவனா இருந்தாலும் கடைசில ஒருத்தர் வந்து கட்டிப்பிடிச்சாகணும். இல்லைன்னா நமக்குத் தூக்கம் வராது."

"தூங்க வைக்கறதுக்கா எழுதறோம்?" என்றார் லயனல்.

"சம்பளம் அதுக்குத்தான் குடுக்கறாங்க, கண்ணு."

அவள் சொன்னதில் தவறில்லை என்றுதான் அவர் ஹோட்டலுக்குத் திரும்பும்போது நினைத்தார். ஆனால் முழுதாகச் சரியுமில்லை. தன் ஊரில் யாரும் ஹெரால்டைப் பார்த்துச் சிரித்ததாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடாமல் இருப்பதற்காகச் சிரித்தார்கள். அதை இந்த மேசையில் எப்படிச் சொல்வது? சொன்னால் திரையில் ஏற்றிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் அக்கா மாரீன் கூப்பிட்டாள். கிளீதார்ப்ஸில் அவள் ஒரு சலவைக் கடை வைத்திருக்கிறாள்; எப்போது பேசினாலும் பின்னால் இயந்திரங்கள் உருளும்.

"என்னடா, அங்க வெயிலா?"

"வெயிலைத் தவிர இங்க வேற ஒண்ணும் இல்லக்கா."

"ஐயோ பாவம். எப்படித்தான் தாங்கறியோ." பிறகு குரல் மாறியது. "அந்தக் காட்சி?"

"இருக்கு. இப்போதைக்கு."

"இப்போதைக்குன்னா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் போன் பில்லில் பாதி இப்படித்தான் போகும்.

"டேய், அஞ்சு வாரம் அப்பாவை ஊரே பார்த்துச் சிரிக்க வெச்ச. கடைக்கு வர்றவங்க என்கிட்டயே அவரை மாதிரி பேசிக் காட்டுவாங்க. உன்கூட இனிமே பேச்சே இல்லைன்னு இருந்தேன். ஆறாவது வாரம் பார்த்துட்டுத்தான் உனக்கு போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவங்க என்னவோ பண்ணிக்கட்டும். வெயில் அடிக்கட்டும், ஆனை வரட்டும். அந்தக் கதவு வழியா மட்டும் யாரையும் அனுப்பக் கூடாது. நாம யாரும் போகலடா. நமக்குப் பதிலா அவங்க போயிடக் கூடாது."

"சரிக்கா."

"சரி, நாய் படுத்த போர்வை ஒண்ணு வந்திருக்கு. வெக்கிறேன்."

வியாழக்கிழமை பிற்பகல் தளத்தில் முழு ஒத்திகை. ஹாங்க்காக நடித்தவர் ரிக் மலோரி. ஒருகாலத்தில் பெரிய பேர். இப்போது கார் காப்பீட்டு விளம்பரங்களில் கரடி உடைக்குள் இருந்து பேசுபவர். அதுவரைக்கும் எல்லா வரியையும் தேவைக்கு மேல் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் எதுவும் செய்யவில்லை. ரேடியோவை நிறுத்தினார். குழாயைத் திறந்தார். முதல் தட்டை எடுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, தேய்க்கத் தொடங்கினார். ஓரமாக நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த தச்சர் மெல்வதை நிறுத்தினார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

டீனா லயனலின் முழங்கையைப் பிடித்து அலங்காரத் தட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நல்லா இருக்குய்யா. நான் ஒத்துக்கறேன், போதுமா? இப்ப நான் சொல்றதைக் கேளு. ஹாலி உன்கிட்ட நேரா கேப்பா." ஹாலி பிராண்ட்வோல்டு என்பவள் தொடரை ஒளிபரப்பும் சேனலின் அதிகாரி. ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் தளத்திலேயே வட்டமாக நிற்க, எது இருக்கும் எது போகும் என்று அவள் சொல்வது அங்கே வழக்கம். "கேட்டா, 'இது பிரமாதம், இதுதான் இதோட உயிர், தொடாதீங்க'ன்னு சொல்லு. உன் இங்கிலீஷ்கார வேலையைக் காட்டாத."

"என்ன வேலை?"

"மழையில நனைஞ்ச நாய் மாதிரி நின்னுக்கிட்டு 'ஏதோ எழுதினேன்'ம்பியே, அந்த வேலை. நீ முதல்ல சொல்லு, நான் பின்னாடியே வர்றேன். நான் மட்டும் சொன்னா, எழுதினவனுக்கே இல்லாத அக்கறை இவளுக்கு எதுக்குன்னு போயிடும்."

"சொல்றேன்."

"சத்தமா."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

வட்டம் கூடியது. ஹாலியின் கண்கள் நிஜமாகவே சிவந்திருந்தன. அவள் மற்றவர்களை விட்டுவிட்டு நேராக லயனலிடம் வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"லயனல், நான் அழுதுட்டேன். சும்மா சொல்லல. இது எவ்ளோ பெரிய எழுத்து தெரியுமா? உங்களுக்கு எப்படி இருக்கு? இந்த முடிவு உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

திட்டியிருந்தால் சொல்லியிருப்பார். குறை சொல்லியிருந்தால் அந்தக் காட்சிக்காகத் தரையில் படுத்துப் புரண்டிருப்பார். இத்தனை பேர் நடுவில், கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே புகழ்ந்தால் என்ன செய்வது என்று யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. பள்ளியில் பரிசு வாங்கி வந்த நாளில் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "சரி சரி, தலைகால் புரியாம ஆடாத" என்று மட்டும் சொன்னார். அவர் வளர்ந்த தெருவில் புகழ்ச்சியை அப்படியே வாங்கிக்கொள்வது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்வதற்குச் சமம்.

"அட, அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லங்க" என்றார். "கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும். ஏதோ அவசரத்துல எழுதினது."

ஒரு குளிர்காலம் முழுக்க எழுதியது அது. ஆனால் அவர் ஊரில் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குத் தன் வரி தெரியும். "சும்மா இருங்க, அதைவிட நல்லது எது இருக்கு" என்று அவர் சொல்ல வேண்டும். இவர் இன்னொருமுறை மறுக்க வேண்டும். அவர் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறகு வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டதுபோல எல்லாம் ஒத்துக்கொள்ளப்படும். அந்த ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். லயனல் காத்திருந்தார்.

ஹாலியின் முகம் தெளிந்தது.

"அப்பாடா" என்றாள். "நீங்களே சொன்னது எவ்ளோ நிம்மதி தெரியுமா? எனக்கும் அதேதான். ரொம்ப இருட்டு. நேத்து பிரதியைப் படிச்சுட்டு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ராத்திரி பூரா யோசிச்சேன்."

"அதுக்காக மாத்தித்தான் ஆகணும்னு நான்..."

"இல்ல இல்ல. இவ்ளோ பெருந்தன்மையான எழுத்தாளரை நான் பார்த்ததே இல்ல." அவள் அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். "அவங்க எல்லாரும் வரணும், லயனல். அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு எல்லாரும் வரணும்."

அவள் தோளுக்கு மேலே பார்த்தபோது டீனா கையிலிருந்த பிரதியை மூடிக்கொண்டிருந்தாள்.

கார்கள் நிற்கும் இடத்தில் அவர் டீனாவைப் பிடித்தார்.

"நீ பேசியிருக்கலாம்."

"பேசியிருக்கலாம்." சாவியைப் பையில் துழாவிக்கொண்டே சொன்னாள். "ஒரு வரி கேட்டேன் உன்கிட்ட. ஒரே ஒரு வரி. என் பையனுக்குச் சொல்ற மாதிரி உனக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. அப்படிச் சொன்னா அர்த்தம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும்."

"யாருக்கு? உன் தெருவுல இருக்கறவங்களுக்கா? இங்க ஒருத்தன் தன்னோடதைக் குப்பைன்னு சொன்னா, சரி, குப்பை போலிருக்குன்னு எடுத்துப் போட்டுடுவாங்க. அதுல கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. மனுஷன் சொன்னதை நம்பறாங்க, அவ்ளோதான்." அவள் காரில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு ஏற்கெனவே ரெண்டு தொடர் முதல் அத்தியாயத்தோட செத்துப் போச்சு. எழுதினவனே கைகழுவினதுக்கு நான் எதுக்குக் கழுத்தை நீட்டணும்?"

லயனல் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இங்கிலீஷ்காரங்க, தோத்தவனைக் காட்டினா உண்மைங்கறீங்க, ஜெயிச்சவனைக் காட்டினா பொய்ங்கறீங்க. எனக்கென்னமோ, தோக்கறது உங்களுக்கு ஒரு சௌகரியம்னு தோணுது. தோத்துட்டா அப்புறம் யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்படியும் இருக்கலாம்."

"பாரு! இப்பக்கூட அதே வேலை! என்னைத் திட்டுய்யா!"

அவரால் முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, எழுத்தாளர்கள் எல்லோரும் உட்கார்ந்ததும் அவர் எழுந்து நின்று சொன்னார்: "அந்தக் காட்சி எனக்கு வேணும். நான் எழுதினதுலயே அதுதான் நல்லது." காது சூடேறியது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

"அவசரத்துல எழுதினதுன்னீங்களே?" என்றான் கோரி, கேலியாக அல்ல, நிஜமாகவே புரியாமல். ஹாலி ஏற்கெனவே மேலிடத்தில் சொல்லிவிட்டாள். அதை எழுதியவரே ஆசி கொடுத்தார் என்று சேர்த்துச் சொல்லியிருந்தாள். பிள்ளைகளாக நடிப்பவர்கள் அந்தக் காட்சிக்கான உடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பார்வையாளர்கள் வந்து, படிக்கட்டு போன்ற இருக்கை வரிசைகளில் நிறைந்தார்கள். அவர்களை உற்சாகத்தில் வைத்திருக்க ஒருவன் மைக்கோடு நின்று, இடைவேளைகளில் மிட்டாய்களை அள்ளி வீசினான். சனங்கள் நல்ல சனங்கள். எதற்கும் சிரித்தார்கள், மேலே தொங்கிய விளக்கு ஒன்று வெடித்ததற்குக்கூடக் கைதட்டினார்கள். லயனல் பக்கவாட்டு வரிசையில் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி. ஹாங்க் காலி அறையில் கத்தினான், தட்டுகளை மோதவிட்டான், போனை வைத்தான். ரேடியோவை நிறுத்தினான். குழாய் வரைக்கும் போனான். மணி அடித்தது. கதவு திறந்தது. மகள் கேக்கோடு, மகன்கள், பக்கத்து வீட்டுக்காரி, தபால்காரர், காகிதத் தொப்பி வைத்த நாய். ரிக் மலோரி தட்டைக் கையில் பிடித்தபடி அவர்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மிகச் சின்னக் குரலில், "இத்தனை பேருக்கு நாற்காலி இல்லையே" என்றார்.

கோரி எழுதிய வரி அது. நல்ல வரி. படிக்கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்து அழுதது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கதவு திறந்தபோது லயனல் பார்த்தது ரிக் மலோரியின் முகத்தை அல்ல, அப்பாவின் முகத்தை. அது சந்தோஷமாக இருந்தது. இவர்கள் செய்த எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் போலிருந்தது. தனக்குள் அந்தச் சந்தோஷத்தை எழுப்பியதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

"இத்தனைக்கும் காரணமான ஆளு இங்கதான் இருக்காரு!" மைக்கோடு நின்றவன் கத்தினான். "இங்கிலாந்துல இருந்து வந்திருக்காரு! எழுந்திருங்க சார்! ஒரு வார்த்தை!"

மைக் அவர் கைக்கு வந்துவிட்டது. விளக்கு முகத்தில் விழுந்தது. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று எழுந்தார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நீங்க பார்த்தது பொய். எங்க அப்பா பிறந்தநாளுக்கு யாரும் வரல. நானும் போகல."

அந்த உச்சரிப்பு, அந்த அசையாத முகம். பிறகு அன்றைய சாயங்காலத்தின் மிகப் பெரிய சிரிப்பு எழுந்தது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே "ஐயோ, இந்த இங்கிலீஷ்காரங்க பேச்சே தனிதான்" என்றாள்.

"நான் ஜோக் சொல்லல" என்றார் லயனல். அதற்கு இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். மைக்கோடு வந்தவன் ஒரு பிடி மிட்டாயை அவர் மேல் வீசினான். தளத்தின் ஓரத்தில் டீனா மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தாள். அவர் பார்ப்பது தெரிந்ததும் குனிந்து தரையில் கிடந்த ஒயரை ஒதுக்கினாள்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கட்டிவிட்டு அவரே அக்காவைக் கூப்பிட்டார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"கதவு?"

"திறந்துடுச்சுக்கா."

பின்னால் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. ஏதோ பொத்தானோ காசோ உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது.

"யாரு வந்தா?"

"எல்லாரும்."

"நானுமா?"

"நீதான் முதல்ல. கையில கேக்."

"என்னை மாதிரி நடிச்சது யாரு?"

"டெக்சஸ் பொண்ணு. முப்பது வயசு இருக்கும். பல்லெல்லாம் அவ்ளோ வரிசையா இருந்துச்சு."

"அப்போ என்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்லு" என்றாள் மாரீன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"அவர் என்ன பண்ணினாரு?"

"நாற்காலி போதலைன்னு சொன்னாரு."

அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. "அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள் கடைசியில். பிறகு, "நீ தடுக்கலையாடா?"

ஒப்பந்தம், மேலிடம், உடைக்கு அளவு கொடுத்த நடிகர்கள் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. "என்கிட்ட கேட்டாங்கக்கா. நேராவே கேட்டாங்க. நான்தான், பெருசா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் யாருக்காவது சரியாகத் தெரியுமென்றால் அது அந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பவளுக்குத்தான். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று லயனல் நினைத்தார். அவள் திட்டவில்லை.

"அன்னிக்கு அப்பாவும் என்கிட்ட அதேதான்டா சொன்னாரு" என்றாள். "நான் கிளம்பி வரட்டுமான்னு கேட்டேன். அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லம்மா, நாலு பேர் வந்திருக்காங்க, நீ எதுக்கு மழையிலன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"அக்கா..."

"சரி. மெஷின் நின்னுடுச்சு, துணியை எடுக்கணும். வெக்கிறேன்."

ஆனால் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பது அவருக்கு நன்றாகவே கேட்டது.